தவளைக் கதையை விடு!

அந்தத் தவளைக் கதை உனக்குத் தெரியும்.

கோபுரம் ஏறும் போட்டி. கீழே கூட்டம். "முடியாது, முடியாது, இறங்கு" என்று ஒரே கூச்சல். தவளைகள் ஒவ்வொன்றாய்ப் பொத்தென்று விழுகின்றன. ஒன்று மட்டும் உச்சியைத் தொடுகிறது. எப்படி? அதற்குக் காது கேட்காதாம்!

மேடை தவறாமல் சொல்கிறார்கள். நீயும் கைதட்டியிருப்பாய். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்குத் தட்டிவிட்டும் இருப்பாய்.

பொய்! கலப்படமில்லாத பொய்!

"முடியாது" என்ற சொல் காது வழியாக மட்டும்தான் வருமா? அது விண்ணப்பத்தின் மேல் முத்திரையாக வரும். விதிப் புத்தகத்தில் அச்சாக வரும். எதிரே நிற்பவரின் புருவத்தில் வரும். பூட்டிய கதவாக வரும்.

காது கேளாதவர்கள் அந்தச் சொல்லை உன்னைவிட அதிகமாகவே சந்தித்தவர்கள். எழுத்தெழுத்தாகப் படித்தவர்கள்.

படித்துவிட்டு என்ன செய்தார்கள்? அதைக் கேள்!

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆசிரியை. மூன்று பெண் குழந்தைகளின் தாய். இரண்டு காதும் கேளாதவர். ஒரு கண்ணும் தெரியாதவர்.

பெயர் அகதா டீகல். திருமணத்துக்குப் பிறகு அகதா டீகல் ஹான்சன்.

நிமிர்ந்து உட்கார்!

1873. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம். எஃகு ஆலைகளின் புகை மண்டிய ஊர். அங்கே பிறந்தாள் அகதா.

ஏழு வயதுவரை மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தாள். கூப்பிட்டால் திரும்பினாள். கேட்டாள். பேசினாள்.

ஏழு வயதில் வந்தது மூளைக்காய்ச்சல். மூளையையும் தண்டுவடத்தையும் மூடியிருக்கும் சவ்வைத் தாக்கும் நோய். அங்கிருந்து உட்செவிக்குப் பரவினால் கேட்கும் நரம்பணுக்களை அழித்துவிடும். அழிந்தவை திரும்ப முளைக்காது. பென்சிலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்த காலம் அது. உயிர் தங்கியதே பெரிது!

உயிர் தங்கியது. காது போனது. ஒரு கண்ணும் போனது.

உனக்கு என்ன போனது? ஒரு தேர்வா? ஒரு வேலையா? போட்ட முதலா?

"என் வலியை அடுத்தவர் வலியோடு ஒப்பிடாதீர்கள்" என்கிறாயா? சரி, ஒப்பிடவில்லை. உன் வலி உனக்குப் பெரிதுதான். நான் கேட்பது வேறு.

அந்த வலியை வைத்துக்கொண்டு இதுவரை என்ன செய்தாய்?

அகதா செய்ததைப் பார்ப்பதற்கு முன்னால், அந்தக் குழந்தை எந்த உலகத்தில் காதை இழந்தாள் என்று தெரிந்துகொள். அப்போதுதான் உனக்கு உறைக்கும்.

1880ஆம் ஆண்டு செப்டம்பர். இத்தாலியின் மிலான் நகரில் ஒரு மாநாடு. காது கேளாத குழந்தைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று தீர்மானிக்கக் கூடியவர்கள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் எத்தனை பேர் தெரியுமா?

ஒரே ஒருவர்!

அந்த மாநாடு தீர்மானம் போட்டது. சைகை மொழி வேண்டாம். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளட்டும். வாய் திறந்து பேசப் பழகட்டும். கையைக் கட்டு!

யாருடைய மொழி? யாருடைய கை? அவர்களைக் கேட்டார்களா? கேட்கவில்லை!

உலகம் முழுவதும் பள்ளிகள் மாறின. வகுப்பில் சைகை செய்த பிள்ளைக்குத் தண்டனை விழுந்தது. சைகை போனால் சைகையில் நடத்தும் ஆசிரியர் எதற்கு? காது கேளாத ஆசிரியர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவில் 1870இல் இந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களில் 100க்கு 40 பேருக்கு மேல் காது கேளாதவர்கள். 1917இல் 100க்கு 15 பேர்கூட இல்லை.

அகதாவுக்கு ஏழு வயது நிறைந்த ஆண்டு எது? அதே 1880!

ஒரு குழந்தைக்குக் காது போகிறது. அதே வேளையில், அவளைப் போன்றவர்கள் ஆசிரியர் ஆகக் கூடாது என்று உலகம் கதவைச் சாத்துகிறது. அவள்தான் பின்னால் ஆசிரியை ஆனாள்.

"என் நேரம் சரியில்லை" என்று இனி ஒருமுறை சொல், பார்ப்போம்!

அகதா முதலில் காது கேட்கும் பிள்ளைகள் படிக்கும் சாதாரணப் பள்ளியில் படித்தாள். ஆசிரியர் பலகையின் பக்கம் திரும்பிப் பேசினால் உதடு தெரியாது. பக்கத்துப் பிள்ளை சிரித்தால் எதற்கென்று தெரியாது. அந்த நிலையில் இருக்கும் எந்தக் குழந்தையையும் கேட்டுப் பார், சொல்லும். பிறகுதான் மேற்குப் பென்சில்வேனியாவின் காது கேளாதோர் பள்ளிக்குப் போனாள்.

அங்கிருந்து வாஷிங்டன். 1888. பதினைந்து வயது. கல்லூரி!

உலகிலேயே காது கேளாதவர்களுக்கென்று பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்ற முதல் கல்லூரி அது. அந்த அதிகாரத்தைக் கொடுத்த 1864ஆம் ஆண்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆபிரகாம் லிங்கன். இன்றைக்கு அது கலாடெட் பல்கலைக்கழகம்.

ஆனால் அங்கேயும் ஒரு கதவு சாத்தியிருந்தது. ஆண்களுக்கு ஒரு நியாயம், பெண்களுக்கு ஒரு நியாயம். 1887இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதுவும் எப்படி? சோதனை முறையில்! ஆறு பெண்கள் வந்தார்கள். தங்க விடுதி கிடையாது. கல்லூரித் தலைவர் எட்வர்ட் மைனர் கலாடெட் வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள்.

சோதனை முறை! யோசித்துப் பார். நீ தோற்றால் நீ மட்டும் தோற்கவில்லை. "பார்த்தீர்களா, பெண்களுக்கு இது வராது" என்று சொல்லி, உனக்குப் பின்னால் வரப்போகும் அத்தனை பேருக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். அந்தப் பாரத்தோடு படித்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே அந்த வரிசையில் போய் நின்றாள் அகதா.

இங்கே கொஞ்சம் நில். கல்லூரித் தலைவர் என்றேனே, அந்த எட்வர்ட் கலாடெட்டின் கதையைச் சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை.

அவருடைய தாய் சோஃபியா ஃபௌலர். பிறவியிலேயே காது கேளாதவர். பத்தொன்பது வயதுவரை பள்ளிக்கூடத்தையே பார்த்ததில்லை. ஏன்? அமெரிக்காவில் அப்படி ஒரு பள்ளியே இல்லை! 1817இல் ஹார்ட்ஃபோர்டில் முதல் நிலையான பள்ளி திறந்ததும் போய்ச் சேர்ந்தார். பத்தொன்பது வயதில் அரிச்சுவடி!

உனக்கு முப்பது வயதில் ஆங்கிலம் கற்றுக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, இல்லையா?

சோஃபியா எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். கணவர் போன பிறகு, 1857இல், இருபது வயதுக் கடைசி மகனோடு வாஷிங்டன் வந்தார். மகன் பள்ளியை நடத்த, தாய் அந்தப் பிள்ளைகளுக்கு விடுதித் தாயாக நின்றார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து கல்லூரி ஆனது. அரசியல்வாதிகளைச் சந்தித்துத் தன் மக்களுக்காகக் கையால் பேசினார். காது கேளாதவர் என்னதான் செய்ய முடியும் என்ற கேள்வியோடு வந்தவர்களுக்கு எதிரில் அவரே விடையாக நின்றார்.

அந்தத் தாயின் கையைப் பார்த்து வளர்ந்த மகன் சைகை மொழிக்காக வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டான்.

எதிரில் நின்றது யார் தெரியுமா? அலெக்சாண்டர் கிரகாம் பெல். ஆம், தொலைபேசி பெல்தான்!

பெல்லின் தாய்க்கும் காது கேளாது. மனைவிக்கும் காது கேளாது. அந்த மனிதர்தான் 1883இல் அறிவியலாளர் அவையில் ஓர் ஆய்வுரை வாசித்தார். காது கேளாதவர்கள் தங்களுக்குள்ளேயே மணந்துகொள்வது ஆபத்து, அதனால் காது கேளாத ஓர் இனமே உருவாகிவிடும் என்றார். சட்டம் போட்டுத் தடுப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. வேறு வழி சொன்னார். அவர்களை ஒன்றுசேர்க்கும் உறைவிடப் பள்ளிகள் வேண்டாம். சைகை மொழி வேண்டாம். காது கேளாத ஆசிரியர்கள் வேண்டாம்!

இரண்டு பேருமே காது கேளாத தாய் பெற்ற பிள்ளைகள். ஒருவர் தாயின் மொழியைக் காப்பாற்றக் கிளம்பினார். மற்றவர் அந்த மொழியே இல்லாத உலகம் வேண்டும் என்றார். இதற்கு எந்த உளவியல் புத்தகமும் எனக்குத் திருப்தியான விடை சொன்னதில்லை. ஒன்று மட்டும் தெரிகிறது. தாய் எப்படி என்பதைச் சாக்கு வைத்து நீ தப்பிக்க முடியாது. ஒரே மாதிரியான வீட்டிலிருந்து இரண்டு திசையிலும் ஆட்கள் புறப்பட்டிருக்கிறார்கள்.

1891இல் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். ஆசிரியர் பயிற்சித் துறை தொடங்க நாடாளுமன்றத்திடம் பணம் கேட்டார் கலாடெட். காது கேளாதவர்களை ஆசிரியர் ஆக்கப் பார்க்கிறார் என்று எதிர்த்து நின்றார் பெல். துறை வந்தது. ஆனால் காது கேட்பவர்களுக்கு மட்டும்!

அகதா அப்போது அதே வளாகத்தில் படித்துக்கொண்டிருந்தார். வயது பதினேழு, பதினெட்டு. தான் நடக்கும் அதே பாதையில், தன்னைப் போன்ற குழந்தைகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி பெறுபவர்கள் நடக்கிறார்கள். அந்த வகுப்பில் தனக்கு இடமில்லை.

இவரைக் காது கேட்காத தவளை என்றா சொல்கிறாய்? அவருக்கு ஒவ்வொரு "முடியாது"வும் தெரியும்! யார் சொன்னார், எந்த ஆண்டு சொன்னார், என்ன காரணம் சொன்னார் எல்லாம் தெரியும்!

தெரிந்ததால்தான் எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்றும் தெரிந்தது.

நீ என்ன செய்கிறாய்? "எதிர்மறையான பேச்சையே கேட்கமாட்டேன்" என்று காதைப் பொத்திக்கொள்கிறாய். நேர்மறை எண்ணம் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறாய். நேர்காணலில் உன்னை ஏன் தள்ளினார்கள் என்று கேட்டாயா? கடை ஏன் நொடித்தது என்று கணக்குப் பார்த்தாயா? வாத்தியார் உன் கதையைத் திருப்பிக் கொடுத்தபோது சிவப்பு மையில் எழுதியதைப் படித்தாயா?

பயம்! படித்தால் உண்மையாக இருந்துவிடுமோ என்ற பயம்!

படி! உண்மையாக இருந்தால் திருத்து. பொய்யாக இருந்தால் அடி. படிக்காமலேயே பயந்தால் இரண்டும் நடக்காது.

கல்லூரிக்குள் வா.

ஆண் மாணவர்களுக்கு ஓர் இலக்கியச் சங்கம் இருந்தது. விவாதம், சொற்பொழிவு, கவிதை. அறிவைத் தீட்டும் களம். பெண்கள் உறுப்பினராக முடியாது. துணைக்கு ஆள் இல்லாமல் வெளியே போகவும் முடியாது.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? வாசலில் நின்று புலம்பியிருப்பாய். ஒரு வருடம். இரண்டு வருடம். பட்டம் வாங்கிய பிறகும், பேரன் பிறந்த பிறகும் அதே புலம்பல்!

1892 ஜனவரி 9. மாணவிகள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. சேர்த்துப் படித்தால் 'ஆந்தைகள்' என்று வரும். அந்த நான்கு எழுத்தும் எதைக் குறிக்கின்றன என்பது உறுப்பினர்களின் ரகசியம். முதல் தலைவி யார்?

அகதா டீகல். வயது பதினெட்டு!

அங்கே விவாதித்தார்கள். எழுதினார்கள். வாசித்தார்கள். இடம் தரமாட்டாயா? சரி, எங்கள் இடத்தை நாங்களே செய்துகொள்கிறோம்! அந்தச் சங்கம் 1954இல் வேறு பெயருக்கு மாறியது. ஆனால் சாகவில்லை.

அவர்களைச் சேர்த்துக்கொள்ளாமல் விட்ட ஆண்களின் பெயர் ஒன்றாவது உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

1893. பட்டம்.

முந்தைய ஆண்டே ஆல்ட்டோ லோமன் என்ற பெண் அங்கே ஒரு பட்டம் வாங்கியிருந்தார். வழி அவர் திறந்தது. அதை மறைக்கக் கூடாது. நான்காண்டுப் படிப்பை முழுதாக முடித்து, ஆண்களுக்குக் கொடுக்கும் அதே பி.ஏ. பட்டத்தை அந்தக் கல்லூரியில் வாங்கிய முதல் பெண் அகதா.

பட்டம் வாங்கும் விழாவில் ஓர் உரை. என்ன தலைப்பு எடுத்திருப்பார்? நன்றியுரையா? ஆசிரியர்களுக்குப் புகழ்மாலையா?

பத்தொன்பது வயதுப் பெண் எடுத்த தலைப்பு: பெண்ணின் அறிவாற்றல்!

பெண்ணுக்கு அறிவு குறைவு என்கிறீர்கள். அவளுக்குக் கல்வி கொடுத்தீர்களா? வாய்ப்புக் கொடுத்தீர்களா? பூட்டி வைத்துவிட்டு, வளரவில்லை என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? குறை இயற்கையில் இல்லை, நீங்கள் போட்ட கட்டுப்பாட்டில் இருக்கிறது. உரையின் சாரம் இதுதான்.

சோதனை முறையில் உள்ளே விட்டவர்களின் முன்னால் நின்று, சோதிக்கப்பட்டவள் தீர்ப்புச் சொன்னாள்!

அமெரிக்கப் பெண்கள் எல்லோருக்கும் வாக்குரிமை வர இன்னும் 27 ஆண்டுகள் இருந்தன. அதை மறந்துவிடாதே.

நீ கடைசியாக எப்போது எழுந்து நின்று பேசினாய்? அலுவலகக் கூட்டத்தில் உன் யோசனையைப் பக்கத்தில் இருந்தவன் தன் யோசனையாகச் சொன்னபோது என்ன செய்தாய்? குனிந்து குறிப்பேட்டில் கோடு கிழித்தாய்!

குரல் இருந்தும் பேசாதவனை என்ன சொல்வது?

பட்டத்தோடு மின்னசோட்டாவுக்குப் போனார் அகதா. ஃபேரிபோ என்ற சிறிய ஊர். அங்கிருந்த காது கேளாதோர் பள்ளியில் ஆசிரியை. ஆறு ஆண்டுகள்.

பயிற்சித் துறைக்குள் விடவில்லையே? விடாவிட்டால் என்ன! வகுப்பறைக்குள் போய்விட்டார்.

காது கேளாத ஆசிரியர் ஒரு வகுப்பில் நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று காது கேட்கும் நமக்குச் சட்டென்று புரியாது. பெரும்பாலான காது கேளாத குழந்தைகளுக்குத் தாய் தகப்பன் காது கேட்பவர்கள். வீட்டில், தெருவில், கோயிலில் தன்னைப் போன்ற ஒரு பெரியவரை அந்தக் குழந்தை பார்த்ததே கிடையாது. பெரியவரானதும் நமக்கும் காது கேட்கும் போலிருக்கிறது என்று நம்பிய குழந்தைகள் உண்டு. பெரியவராகும் முன்பே நாம் செத்துவிடுவோம் போலிருக்கிறது என்று நம்பிய குழந்தைகளும் உண்டு. வளர்ந்த பிறகு அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் குழந்தையின் முன்னால் ஒரு பெண் வந்து நிற்கிறாள். சாக்பீஸ் பிடிக்கிறாள். கையால் பேசுகிறாள். ஆங்கிலத்தில் எழுதுகிறாள். கல்லூரிப் பட்டம் வாங்கியவள். அவளுக்கும் காது கேட்காது!

எந்தப் பாடப் புத்தகம் இதைச் சொல்லிக்கொடுக்கும்? நானும் பெரியவளாக ஆவேன், இப்படியும் இருக்கலாம்! அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் பாடம் அவர் உள்ளே நுழைந்ததுதான்.

பெல் எதைப் பார்த்துப் பயந்தாரோ, அதுவே அங்கே நடந்துகொண்டிருந்தது.

உன் தெருவில் உன்னைப் பார்த்து வளரும் பிள்ளை ஒன்று உண்டு. உனக்குத் தெரியாது. அது உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நீ என்ன காட்டிக்கொண்டிருக்கிறாய்? கைப்பேசியில் விரல் தள்ளுவதையா?

1899இல் திருமணம். மாப்பிள்ளை ஓலஃப் ஹான்சன். சுவீடனில் பிறந்து அமெரிக்கா வந்தவர். கட்டடக் கலைஞர். அவருக்கும் காது கேளாது!

பெல்லின் ஆய்வுரை வந்து பதினாறு ஆண்டுகள். அது வேண்டாம் இது வேண்டாம் என்ற பட்டியலை எடுத்துப் பார். காது கேளாதோர் பள்ளியில் படித்தார் அகதா. சைகையில் பேசினார். ஆசிரியை ஆனார். காது கேளாதவரையே மணந்தார். தாயும் ஆனார். ஒன்றுவிடாமல் செய்தார்!

திருமணத்தோடு பள்ளி வேலை நின்றது. இது எனக்கு உறுத்துகிறது. ஆறே ஆண்டுகள்! அந்தக் காலத்துப் பெண்களுக்கு அதுதான் நடைமுறை என்று யாரும் சமாதானம் சொல்லலாம். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஃபேரிபோ பிள்ளைகளுக்கு அது இழப்பு. ஆனால் நின்றது சம்பளம் வாங்கும் வேலைதான். அவர் நிற்கவில்லை.

மூன்று பெண் குழந்தைகள். குழந்தை அழுதால் தாய்க்குக் கேட்காது. இன்றைக்கு இருப்பதுபோல் அழுகைச் சத்தத்துக்கு மின்னும் விளக்குக் கிடையாது. தலையணை அடியில் அதிரும் கருவி கிடையாது. எழுத்தில் பேசும் கைப்பேசி கிடையாது. அந்தக் காலத்துக் காது கேளாத தாய்மார் பிள்ளையைத் தொட்டபடியேதான் தூங்குவார்கள். தொட்டிலை உடம்போடு ஒட்டிப் போடுவார்கள். பிள்ளையின் அசைவு கைக்கு எட்டும்படி கயிறோ துணியோ கட்டிக்கொள்வார்கள். உடம்பு முழுவதுமே காதாக இருந்தால்தான் அந்த ராத்திரிகள் கழியும்.

"பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்னத்தைப் படிக்கிறது" என்று சொல்லும் தங்கையே, உன்னைத்தான் கேட்கிறேன். உனக்கு யாரும் உதவுவதில்லை, தெரியும். இரவு பத்து மணிக்குத்தான் உட்கார நேரம், தெரியும். அந்தப் பத்து மணிக்கு என்ன செய்கிறாய்?

1902இல் குடும்பம் நாட்டின் மறுகோடிக்குப் போனது. சியாட்டில். பசிபிக் கரை. தெரியாத ஊர். கணவருக்குப் புதிய இடத்தில் தொழில். வீட்டில் பிள்ளைகள்.

அங்கே போய் என்ன செய்தார் அகதா? காது கேளாதவர்களுக்கான 'சியாட்டில் அப்சர்வர்' என்ற செய்தித்தாளில் ஆசிரியர் பொறுப்பேற்றார்! கவிதை எழுதினார். நூலாகவும் வெளியிட்டார். அந்தக் கவிதைகளில் ஒன்று உள்ளுக்குள் ஒலிக்கும் இசையைப் பற்றியது. ஏழு வயதோடு சத்தம் போன பெண் எழுதியது.

வகுப்பறையில் இருபது முப்பது பிள்ளைகள். செய்தித்தாளுக்கு ஒரு நகரம். ஆசிரியர் வேலை போனதா, அகலமானதா?

இன்னொன்று சொல்ல வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 1910இலேயே பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நாட்டுக்குப் பத்து ஆண்டுகள் முன்னால்! பத்தொன்பது வயதில் பெண்ணின் அறிவைப் பற்றிப் பேசியவர், முப்பத்தேழு வயதில் அந்த உரிமை வந்த மாநிலத்தில் இருந்தார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த பதில் அது. உனக்கு மின்னஞ்சல் அனுப்பிய மறுநாளே பதில் வரவேண்டும்!

அந்த வீட்டில் பதில் எழுதும் பழக்கம் அவருக்கு மட்டும் இருக்கவில்லை. அமெரிக்க அரசு வேலைக்கான தேர்வுகளைக் காது கேளாதவர்கள் எழுதக் கூடாது என்று ஒரு விதி வந்தது. பைத்தியம், குடிப்பழக்கம், தொற்றுநோய் என்று தகுதியின்மைப் பட்டியலில் காது கேளாமையும் ஒன்று! ஓலஃப் ஹான்சன் என்ன செய்தார்? "அரசாங்கத்தை யார் எதிர்ப்பது" என்று உட்கார்ந்தாரா? குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். தேசியக் காது கேளாதோர் சங்கமும் போராடியது. 1908 டிசம்பரில் தேர்வுக் கூடத்தின் கதவு திறந்தது. 1910இல் அந்தச் சங்கத்துக்கே ஓலஃப் தலைவரானார்.

ஒரு கடிதம்! ஒரு உறை, ஒரு தபால்தலை!

கணவர் 1933இல் போய்விட்டார். அகதா அதற்குப் பிறகும் 26 ஆண்டுகள் வாழ்ந்தார். 1959இல் மறைந்தார். எண்பத்தாறு வயது.

அவர் போனபோது எல்லாம் வென்றாகிவிட்டதா? இல்லை. பள்ளிகளில் சைகைக்கு இன்னும் மரியாதை இல்லை. அவர் படித்த கல்லூரிக்கே ஒரு காது கேளாதவர் தலைவராக வந்ததில்லை. ஒருவர்கூட! தோல்வி என்று நீ சொல்வாய். உன் கணக்கில் எல்லாமே மாசக் கடைசியில் தீர்ந்துவிட வேண்டும்.

1988 மார்ச். கலாடெட்டுக்குப் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுபடியும் காது கேட்பவர்! அவருக்குச் சைகை மொழிகூடத் தெரியாது. மாணவர்கள் வெகுண்டார்கள். வாயில்களைப் பூட்டினார்கள். ஒரு வாரம் வளாகம் அவர்கள் கையில். நாடாளுமன்றக் கட்டடம் வரை ஊர்வலம் போனார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் விலகினார். ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். 124 ஆண்டுகளில் முதல் காது கேளாத தலைவர்!

2010இல் வான்கூவரில் அதே கல்வி மாநாடு கூடியது. மிலான் தீர்மானங்களை நிராகரித்தது. வருத்தம் தெரிவித்தது. 130 ஆண்டுகள் கழித்து!

2016இல் ரொபெர்ட்டா கோர்டானோ கலாடெட்டின் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் காது கேளாத பெண்.

சோதனைக்காக உள்ளே விட்ட இனம்! துணையில்லாமல் தெருவுக்குப் போகக் கூடாத இனம்! அந்த வளாகத்தின் சாவியே அவர்கள் கைக்கு வந்தது!

"அவ்வளவு நாள் யார் காத்திருப்பது" என்று முணுமுணுக்கிறாயா?

யார் காத்திருந்தார்கள்? அகதா ஒரு நாளாவது காத்திருந்தாரா? பதினெட்டில் சங்கம். பத்தொன்பதில் மேடை. அதே ஆண்டில் வகுப்பறை. பிறகு தொட்டில், பிறகு செய்தித்தாள், பிறகு கவிதை. 2016ஐ அவர் கேள்விப்பட்டதே இல்லை. தன் கைக்கு வந்த மறுப்புக்குத் தன் காலத்திலேயே பதில் கொடுத்தார், அவ்வளவுதான்.

உன் மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் கிடக்கிறது. உன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்ற கடிதம். மின்னஞ்சலாக இருந்தால் எங்கோ ஓர் ஓரத்தில் புதைத்து வைத்திருப்பாய். வந்த அன்று முதல் இரண்டு வரி படித்தாய். முகம் சுருங்கியது. மூடிவிட்டாய்.

எடு அதை! இப்போதே!

முழுக்கப் படி. ஒவ்வொரு வரியாக. எந்த வரி உண்மை? அதற்குக் கீழே கோடு போடு. நாளை காலையிலிருந்து உழைக்க வேண்டியது அதற்காகத்தான். எந்த வரி பொய்? அதற்கு இன்று இரவே பதில் எழுது.

பேனா இருக்கிறதா?